மௌன விரதத்தில் வளர்ந்த கால்கள்

அநியாயம் நடந்தது மங்கையர்க்கரசிக்கு. நடத்தியவர் அவளுடைய குரு, விமல அடிகள்.

தண்ணீர்த் தொட்டியில் முகம் பார்த்தாள் என்பதற்காக, இடுப்புவரை இருந்த அவள் முடியை மழிக்கச் சொன்னார்.

அவள் ஆசிரமத்துக்கு வந்த புதிது. வாளியைத் தொட்டிக்குள் விடப்போனவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். பின்னால் அடிகளின் குரல்.

"யாரைப் பார்க்கிறாய்?"

"என்னைத்தான் சாமி."

"அது நீயா?"

பல்கலைக்கழக மேடைகளில் எதிரணியை அழ வைத்தவள் அரசி. தத்துவத்தில் முதுகலை. வாயை மூடு என்றால், ஏன் மூடவேண்டும் என்று அரை மணி நேரம் பேசக்கூடியவள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை.

"உனக்குத் தடையாக இருப்பதை இறக்கி வை," என்று அவள் பின்னலைக் காட்டிவிட்டுப் போனார் அடிகள்.

மறுநாள் காலை அவளே போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தாள்.

பார்க்க வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "யாருடி உன்னை இப்படி ஆக்கினது?"

"உடம்பு நான் இல்லம்மா," என்று அம்மாவுக்கே வகுப்பெடுத்தாள் அரசி.

அப்போது அது அநியாயம் என்று அவளுக்குத் தெரியாது. பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு வருடமாக மாதம் தவறாமல் மழித்துக்கொண்டாள்.

•

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு.

மற்ற இடங்களில் பெரியவர் வந்தால் எல்லோரும் எழுவார்கள். இங்கே அடிகள் எழுந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். களை பறித்துக்கொண்டிருந்தாலும் சரி, குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாலும் சரி, அடிகளின் தலை தெரிந்ததும் இருந்த இடத்திலேயே குந்திவிட வேண்டும். அவர் உட்காரும்வரை யாரும் எழக்கூடாது.

வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அரசி விளக்கம் சொல்வாள்.

"எழுந்து காட்டுகிற மரியாதையில் 'நான்' இருக்கிறது. உட்கார்ந்து காட்டுகிற மரியாதையில் அது இல்லை."

இதையே கட்டுரையாக எழுதினாள். ஆசிரம மலரில் அட்டைக்கு அடுத்த பக்கத்தில் வந்தது.

•

அரசி வந்த இரண்டாவது வருடம் அடிகள் வடக்கே யாத்திரை போனார். தனியாகப் போனார். ஒரு மத்தியானம், கண்ணாடி மூடிய வண்டியில் திரும்பி வந்தார். வண்டி வாசலில் நிற்காமல் நேராகத் தோப்புக்குள் போயிற்று.

"மௌன விரதம்," என்றார் பொறுப்பாளர் ஆதிமூலம். "தோப்புக் குடில் பக்கம் யாரும் போகக்கூடாது. சாப்பாடு நான் கொண்டுபோவேன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. அரசியும் கேட்கவில்லை, முட்டை வரும்வரை.

ஆசிரமத்தில் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஒரு காலையில் ஆதிமூலம் துணியால் மூடிய கூடையோடு அடுப்படிக்கு வந்தார். துணியை விலக்கிப் பார்த்தாள். நாட்டுக்கோழி முட்டை.

"யாருக்கு?"

"எனக்குத்தாம்மா. டாக்டர் சொன்னார். உடம்பில் சத்தே இல்லையாம்."

அரசி அவர் தொப்பையைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"உள்ளுக்குள்ள சத்து இல்லையாம்," என்றார்.

அடுத்து, கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, படி படியாகப் பால். எல்லாம் தோப்புப் பக்கமே போயிற்று. விரதம் இருப்பவருக்கு இவ்வளவு பசியா? அரசி கேழ்வரகைக் கிண்டிக்கொண்டே யோசித்தாள். ஆதிமூலமோ மெலிந்துகொண்டே வந்தார்.

பிறகு ஸ்கூட்டரில் ஒரு பெண் வரத் தொடங்கினாள். ஷபானா என்று பெயர். தோளில் பெரிய பை.

"யாரண்ணே அது?"

"மௌனத்துக்கு டீச்சர்மா."

"பேசாம இருக்கறதுக்கு டீச்சரா?"

"அது... மூச்சுப் பயிற்சி," என்றார் ஆதிமூலம். மூச்சு அவருக்குத்தான் வாங்கியது.

மறுமுறை ஷபானா திரும்பிப் போகும்போது அரசி மோர் டம்ளரோடு வழியை மறித்தாள்.

"வெயிலில் வர்றீங்க. குடிங்க. உள்ளே என்ன நடக்குது?"

ஷபானா மோரை ஒரே மூச்சில் குடித்தாள். "பேஷன்ட் விஷயத்தை வெளியே பேச மாட்டேங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"பேஷன்ட்டா?"

ஷபானா டம்ளரைக் கொடுத்துவிட்டு வண்டியை மிதித்தாள். நாலடி போனவள் திரும்பி, தோப்பு வாசலில் நின்ற ஆதிமூலத்திடம் குரல் கொடுத்தாள்.

"அவர் எழும்போது ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். மறந்துடாதீங்க. எலும்பு இன்னும் பிஞ்சு!"

"நிக்கறேம்மா, நிக்கறேன்!" என்றார் ஆதிமூலம், அரசியைப் பார்த்துக்கொண்டே.

அரசி டம்ளரைக் கீழே வைத்தாள். அவரைத் தாண்டி நடந்தாள்.

•

அடிகள் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் சுற்றி இரும்பு வளையங்கள். வளையத்திலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து உள்ளே போயின. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பஞ்சு. அடிகளின் கையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருந்தது. வளையத்தில் இருந்த திருகு ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தார்.



"ஐயோ சாமி! எங்கே விழுந்தீங்க?"

அடிகள் வாயில் விரலை வைத்தார். பின்னாலேயே ஓடிவந்த ஆதிமூலம் மூச்சிரைத்தார்.

"பாறையில... பாறையில வழுக்கிட்டார்மா."

அரசி ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சத்துக்காக அங்கே எக்ஸ்ரே படத்தைச் செருகி வைத்திருந்தார்கள். இரண்டு கால். இரண்டு எலும்பிலும் நடுவில் ஓர் இடைவெளி. ஒரே இடத்தில், ஒரே அளவில்.

"பாறை ஸ்கேல் வைச்சு ஒடைச்சுதா அண்ணே?"

அரசி படத்துக்குக் கிட்டே போனாள்.

"ஒடைஞ்ச எலும்பைச் சேர்த்துக் கட்டுவாங்க. இங்க பிரிச்சுல்ல வைச்சிருக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. பத்திரிகையில் படித்திருக்கிறாள். நல்ல எலும்பை வெட்டி, நாளுக்கு நாள் கடுகளவு இழுத்து, இடைவெளியில் புது எலும்பு வளர வைக்கிறார்கள். எதற்கு? உயரம் போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு. மாப்பிள்ளைகள் செய்துகொள்வார்களாம். நடிக்கப் போகிறவர்கள் செய்துகொள்வார்களாம்.

அடிகள் செய்துகொள்வாரா?

இரண்டு வருடத்தில் அடிகள் பக்கத்தில் ஒருமுறைகூடத் தான் நிமிர்ந்து நின்றதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மட்டுமல்ல. யாருமே நின்றதில்லை. அவர் எழுந்தால் எல்லோரும் உட்கார வேண்டும். அவர் உயரம் என்ன என்று ஆசிரமத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"அடப்பாவமே," என்றாள். "இதுக்கா நான் தத்துவம் எழுதினேன்!"

ஸ்பேனர் நின்றது.

"சாமி. தொட்டியில முகம் பார்த்ததுக்கு என் முடி போச்சு. காலை வெட்டி நீட்டினதுக்கு என்ன போகணும்?"

அடிகள் ஸ்பேனரை மடியில் வைத்தார். பிறகு மௌனத்தைக் கலைத்தார். பிரசங்கக் குரல்.

"உடம்பு நான் இல்லை, அரசி. நான் இல்லாத ஒன்று நீண்டால் என்ன, நீளாவிட்டால் என்ன?"

"ஆகா!" என்று ஆதிமூலம் கைகூப்பினார்.

"நானும் அதையேதான் கேக்கறேன்," என்றாள் அரசி. "நான் இல்லாத முடி இருந்தா என்ன, போனா என்ன? இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாமே?"

ஆதிமூலத்தின் கை மெல்ல இறங்கியது.

அடிகள் மறுபடி திருகைப் பிடித்தார். திருகு பாதி திரும்பியதும் கால் துள்ளியது. கண்ணோரம் நீர் கட்டியது.

"வலிக்குதா சாமி?"

"வலிக்கிறது."

"யாருக்கு?"

அடிகள் வாயில் விரலை வைத்தார். மௌனம் திரும்பிவிட்டது. வசதியான மௌனம்.

அரசி வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"என் முடியை ஏன் எடுக்கச் சொன்னீங்க? அதுக்கு உண்மையான காரணம் எனக்குத் தெரியணும். காரணம் சரியா இருந்தா இருக்கேன். இல்லைன்னா போறேன். தெரிஞ்சுக்காம மட்டும் போகமாட்டேன்."

•

அன்றிலிருந்து மழிப்பதை நிறுத்தினாள்.

"தலையில என்னம்மா?" என்றார் ஆதிமூலம்.

"முடி."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடையையும் அவளே வாங்கிக்கொண்டாள். தினமும் முட்டையை உரித்துத் தட்டில் வைப்பாள். கூடவே கேள்வியையும் வைப்பாள்.

"ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

ஒரு நாள் அடிகள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அரசி அடுப்படிக்குப் போய் அதை யோசித்தாள். விரித்த கை என்றால் வெறுமை. வெறுமை என்றால் பற்றின்மை. பழக்கம் அவளை விடவில்லை.

ஒரு நாள் ஜன்னல் கதவைத் திறந்தார். வெளியே சவ்வாது மலை தெரிந்தது. அதையும் அன்று முழுக்க யோசித்தாள்.

இன்னொரு நாள் தட்டில் இருந்த கொய்யாப்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அரசி கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாமி, இதுக்கு அர்த்தம் ஏதாவது இருக்கா?"

அடிகள் புன்னகைத்தார்.

"இல்லை," என்றாள் அரசி. "இது கொய்யா. நான் கேட்டதுக்கு இது பதில் இல்லை. இத்தனை நாளும் நீங்க கொய்யாவைக் கொடுப்பீங்க, நாங்கதான் அர்த்தம் போட்டுக்கிட்டோம்."

பழத்தைக் கடித்துத் தின்றுகொண்டே போனாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அன்று மாலை முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை. அம்மா அழுத அழுகை, கூட்டித் தள்ளிய அந்தப் பின்னல், எல்லோரிடமும் அவர் சார்பாகப் பேசிய பேச்சு. இதெல்லாம் ஒரு நல்லதுக்காகப் போயிற்று என்றால் தாங்கிக்கொள்ளலாம். எதற்காகப் போயிற்று என்றே தெரியாமல் எப்படித் தாங்குவது?

•

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அடிகளுக்கு உடம்பு சரியில்லையாம். அடிகள் ஓடிப்போய்விட்டாராம். பௌர்ணமிக் கூட்டத்தில் அவரைக் காட்டியே ஆகவேண்டும் என்று ஆதிமூலம் முடிவு செய்தார். அடுப்படிக்கு வந்து குரலைத் தணித்தார்.

"அரசி, நீதான் மைக்குல சொல்லணும். பாறையில வழுக்கி விழுந்தார், இறைவன் காப்பாத்தினான். அவ்வளவு போதும். நீ சொன்னா ஊரே நம்பும்."

"ஏன் நம்பும்?"

"நீ பொய் சொல்லமாட்டேன்னு எல்லாருக்கும் தெரியுமேம்மா!"

அரசி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க என்ன கேக்கறீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

அவருக்குப் புரிந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி. நானே சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"அதுக்கும் உத்தரவாதம் கிடையாது."

•

பௌர்ணமி அன்று கூடம் நிரம்பி வழிந்தது. உட்கார இடம் கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

ஜனம் வருவதற்கு முன்பே அடிகளைக் கொண்டுவந்து மேடை நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள். தரை தொடும் காவி அங்கி வளையங்களை மறைத்தது. பிடித்து நடப்பதற்காக முன்னால் நிறுத்தியிருந்த வாக்கருக்கும் காவித் துணி சுற்றியிருந்தார்கள். அடிகளின் மார்பில் சின்ன மைக் குத்தியிருந்தது. வலப்பக்கம் ஆதிமூலம், இடப்பக்கம் இன்னொரு சீடர். கதவோரம் ஷபானா.

அரசி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி கருகருவென்று முளைத்திருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

ஆதிமூலம் பாறைக் கதையைச் சொன்னார். பெண்கள் "ஐயோ சாமி" என்று உச்சுக்கொட்டினார்கள்.

அரசி எழுந்தாள்.

"ஒரு கேள்வி."

"உட்காரும்மா," என்றார் ஆதிமூலம்.

"கேட்டுட்டு உட்காருறேன்."

"அரசி, உட்காரு!"

கூட்டம் சலசலத்தது. அடிகள் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அடிகள் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வாக்கரை இறுகப் பிடித்தார்.

எழுந்தார்.

நாற்காலியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இத்தனை மாதமும் அவர் பல்லைக் கடித்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே. எழுந்தார், நிமிர்ந்தார், தலையை நேராக்கினார். எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றார்.

கூடம் முழுக்க உட்கார்ந்துவிட்டது.

சுவரோரம் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர் உட்கார்ந்தார். அடிகளின் இடக்கையைத் தாங்கியிருந்த சீடர் கையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். வலக்கையைத் தாங்கியிருந்த ஆதிமூலமும், வருடக்கணக்கில் ஊறிப்போன பழக்கம், சட்டென்று குந்திக் கைகூப்பினார்.

"ஐயோ, பிடிங்க!" என்று கதவோரத்திலிருந்து ஷபானா கத்தினாள். இவ்வளவு ஜனத்தை மிதிக்காமல் அவளால் வர முடியாது.

வாக்கர் வழுக்கியது. அடிகளின் முழங்கால் மடிந்தது.

ஒருவரும் எழவில்லை. அடிகள் நிற்கும்போது எழக்கூடாது. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அருகில் நின்றுகொண்டிருந்தவள் அரசி ஒருத்தி. அவரைக் கேள்வி கேட்க எழுந்தவள்.

ஒரே எட்டில் மேடை ஏறினாள். அவர் விழுவதற்குள் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். வளையத்தின் இரும்பு அவள் காலைக் கீறியது. அடிகளின் முழுப் பாரமும் அவள் தோளில் இறங்கியது.

"விட்டுடாதே," என்றார் அடிகள். பிரசங்கக் குரல் இல்லை.

"விடமாட்டேன். அசையாம நில்லுங்க."

முதல்முறையாக எல்லோரும் பார்க்க அடிகளின் பக்கத்தில் ஓர் ஆள் நின்றது. அவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். இத்தனைக்குப் பிறகும் அவர் கண் அவள் மூக்கு மட்டத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் பிடியைத் தளர்த்தவும் இல்லை. அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. என் முடியை ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

மார்பில் இருந்த மைக் அதைக் கூடம் முழுக்கச் சொன்னது.

ஆதிமூலம் பதறிப்போய் மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டவில்லை.

அடிகள் தன் கையைத் தூக்கினார். விரல் மைக் வரை போயிற்று. அணைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அரசியும் அப்படித்தான் நினைத்தாள்.

விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கை கீழே இறங்கியது.

"அன்னைக்குத் தொட்டியில உன்னையே பார்த்து நீ சிரிச்சுக்கிட்டு நின்னே," என்றார் அடிகள். "எனக்கு அது பொறுக்கல."